பொதுக்காலத்தின் பச்சை: திருவழிபாட்டு ஆண்டும் நம் நாள்களும்

 

பண்டிதர் அயோத்திதாசர் 1914 மே 5 அன்று மறைந்தார். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 12-ல் வந்தது. ஆகவே அவர் மறைந்த நாளில் கத்தோலிக்கக் கோயில்களில் பாஸ்கா காலம் நடந்துகொண்டிருந்தது. பூசை உடுப்பின் நிறம் வெள்ளை. 1914 மட்டுமல்ல, எந்த ஆண்டை எடுத்தாலும் மே 5 பாஸ்கா காலத்துக்குள்தான் விழும். ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னாலும் வராது. அதிலிருந்து ஐம்பதாவது நாள் தூய ஆவியார் பெருவிழா. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிறிஸ்தவத்தை ஏற்காமல் பௌத்தத்துக்குப் போன ஒருவரின் நினைவுநாளில் கத்தோலிக்கக் காலண்டரைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று உரைக்கு முன்னால் ஒரு தோழர் கேட்டார். பொருத்தம் என்றே நினைக்கிறேன். காலண்டர் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வியைத் தமிழில் முதலில் உரத்துக் கேட்டவர்களில் ஒருவர் பண்டிதர்.

அவர் நீலகிரியில் வளர்ந்தவர். 1870களில் இந்த மலையில் அத்வைதானந்த சபையை நடத்தினார். திராவிட மகாஜன சபையின் மாநாட்டை 1891 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் கூட்டினார். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பிறகு அவர் திரும்பத் திரும்ப எழுதிய விஷயங்களில் ஒன்று பண்டிகைகள். தீபாவளி என்ன, கார்த்திகை என்ன, பொங்கல் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்து, இவையெல்லாம் பௌத்தத் திருநாள்கள், பின்னால் வந்தவர்கள் கதையை மாற்றிவிட்டார்கள் என்று வாதாடினார். அவர் தந்த சொல்விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. அதை விடுங்கள். ஒரு சமூகத்தின் நினைவைப் பறிக்க வேண்டுமானால் அதன் நாள்களைப் பறித்தால் போதும் என்பதை அவர் கண்டுகொண்டார். என் கேள்வி அங்கிருந்து கிளம்புகிறது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். அவர்கள் வாழ்கிற கத்தோலிக்க ஆண்டில் அவர்களுடைய நாள்கள் எங்கே இருக்கின்றன?

கத்தோலிக்கர் அல்லாத தோழர்களுக்காக அந்த ஆண்டை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது ஜனவரியில் தொடங்காது. கிறிஸ்மஸுக்கு நான்கு ஞாயிறு முன்னால், திருவருகைக் காலத்தில் தொடங்கும், நிறம் ஊதா. கிறிஸ்து பிறப்புக் காலம் வெள்ளை. அதன்பின் கொஞ்ச நாள் பச்சை. திருநீற்றுப் புதனன்று மறுபடி ஊதா ஏறும். நம் பாட்டிமார் அந்த நாளை விபூதிப் புதன் என்றார்கள், அதிலிருந்து வரும் நாற்பது நாளைத் தவசுகாலம் என்றார்கள். குருத்து ஞாயிறும் பெரிய வெள்ளியும் சிவப்பு. ஈஸ்டரிலிருந்து ஐம்பது நாள் வெள்ளை, ஐம்பதாம் நாள் சிவப்பு. அதன்பின் நவம்பர் கடைசிவரை பச்சை. இடையில் வேதசாட்சிகளின் நாள் வந்தால் சிவப்பு, மற்றப் புனிதர்களின் நாள் வந்தால் வெள்ளை. திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிறும் தவக்காலத்தில் ஒரு ஞாயிறும் ரோஸ் நிற உடுப்புப் போடலாம். எத்தனை பங்குகளில் அந்த உடுப்பு இருக்கிறது என்பது வேறு கதை. இப்போதுள்ள ஒழுங்கு ஆறாம் பவுல் 1969-ல் வெளியிட்டது. 1970 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சக்கரம் மத்தியதரைக் கடலோரத்தில் சுழலத் தொடங்கியது. கிறிஸ்மஸ் அங்கே இருள் மிகுந்த நாள்களில் வருகிறது, ஈஸ்டர் வசந்தத்தில் வருகிறது. விதை மண்ணுக்குள் செத்து முளைக்கும் உவமையை அந்த ஊர் விவசாயி கண்ணால் பார்த்தபடி கேட்பான். இங்கே நெல்லியாளத்தில் எப்படி? தவக்காலம் வெயில்காலத்தில் வருகிறது. ஓடை வற்றும், லயத்துக் குழாயில் வரிசை நீளும். ஈஸ்டர் முடியும்போது கோடைமழையில் கொழுந்து வெடிக்கும். தூய ஆவியார் பெருவிழாவை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை தேவாலா மேட்டில் வந்து மோதும். இறங்கிவரும் ஆவியார் இந்தப் பக்கம் நெருப்பாக வருவதில்லை, தண்ணீராக வருகிறார் என்று எங்கள் உபதேசியார் ஒருவர் சொல்வார். மறையுரையாக அதை யாரும் அச்சிடவில்லை. ஆனால் வழிபாட்டை மண்ணோடு பொருத்துவது பற்றி நான் வாசித்த பல கட்டுரைகளைவிட அந்த ஒரு பேச்சில் சரக்கு அதிகம்.

இந்த மலையில் கத்தோலிக்க ஆண்டும் ஒன்றல்ல. வயநாட்டிலிருந்தும் திருவிதாங்கூரிலிருந்தும் வந்து குடியேறிய மலையாளிகளின் சீரோ மலபார் கோயில்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கின்றன. அவர்களுடைய ஆண்டு வேறு வழியில் போகிறது: மங்கள வார்த்தைக் காலம், தெனகா காலம், பெரிய நோன்பு, உயிர்ப்பு, அப்போஸ்தலர் காலம் என்று. எஸ்டேட்டுக்காரர்கள் புதனன்று சாம்பல் பூசுகிறார்கள், அவர்கள் திங்களன்றே பூசிவிடுகிறார்கள். ஒரே போப்பாண்டவர், ஒரே பேருந்து நிறுத்தம், இரண்டு காலண்டர். நிலம் வாங்கி வந்தவர்களும் கூலிக்கு வந்தவர்களும் வெவ்வேறு நாளில் நோன்பு தொடங்குகிறார்கள். காரணம் வழிபாட்டு மரபுகளின் வேறுபாடு, எனக்கும் தெரியும். ஆனாலும் சமூகவியல் படித்தவளுக்கு அந்த இரண்டு நாள் இடைவெளி கண்ணை உறுத்துகிறது.

இந்த இரண்டு காலண்டர்களுக்கும் அடியில் இன்னொன்று புதைந்து கிடக்கிறது. மானந்தவாடிக்கு அருகில் வள்ளியூர்க்காவு. அங்கே மீன மாதத்துத் திருவிழாவில்தான் ஜென்மிகள் பணியர்களைப் பேசி, வள்ளி கொடுத்து, அடுத்த திருவிழா வரைக்கும் தங்கள் நிலத்தில் கட்டிப்போட்டார்கள். பணியருக்கு ஆண்டு என்றால் அடிமைத்தனத்தின் தவணை. அந்தத் திருவிழா நடப்பது பெரும்பாலும் தவக்காலத்தில். ஆகவே காலண்டரைத் தெய்வீகம் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆண்டின் எந்த நாளில் யார் யாருக்குக் கட்டுப்பட்டார்கள் என்ற கணக்குப் புத்தகமும் அதுதான்.

இனி பச்சைக்கு வருகிறேன். பொதுக்காலம் ஆண்டில் 33 அல்லது 34 வாரம். விழாவும் நோன்பும் இல்லாத சாதாரண நாள்களின் காலம். பச்சை நம்பிக்கையின் நிறம், வளர்ச்சியின் நிறம் என்று மறைக்கல்வியில் சொல்லிக் கொடுத்தார்கள். தேயிலைக்காட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் சுலபத்தில் ஏறாது. எங்களுக்குப் பச்சை என்றால் வேலை. காலையில் பெரட்டு, சாயங்காலம் நிறுவை, குறைந்தால் அரைப்பேர். திருவழிபாட்டு ஆண்டில் மிக நீளமான காலமும் எங்கள் வாழ்வில் மிக நீளமான காலமும் ஒரே நிறம்.

அந்தப் பச்சைக்குள் நாங்கள் வந்த கதையை இளைய தோழர்களுக்காகச் சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கறிக்கடைப் பங்கு இதைவிடக் கொஞ்சம் யோசித்துப் போடப்படும். திரும்பி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, எழுபதுகளின் நடுவில் தனி நிறுவனமானது டான்டீ. நெல்லியாளம், சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, தேவாலா, பாண்டியாறு என்று அதன் கோட்டங்கள் இந்தத் தாலுகாவைச் சுற்றி எழுந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். அவர்களில் கத்தோலிக்கர்கள் தலைமன்னாரில் கப்பலேறும்போது தகரப் பெட்டியில் அந்தோணியார் படத்தையும் மடு மாதா படத்தையும் கொண்டுவந்தார்கள். சாமியார் வருவதற்கு முன்பே உபதேசியார் இருந்தார். கோயில் கட்டுவதற்கு முன்பே லயத்து முற்றத்தில் ஜெபமாலை இருந்தது. தவசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வியாகுலப் புலம்பலை இழுத்துப் பாடினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற கோவா சாமியார் எழுதிய வியாகுலப் பிரசங்கங்களின் மரபு அது. ஆனால் அதற்கு ராகம் கொடுத்தது நம் பெண்களின் ஒப்பாரி. இழவுவீட்டுக்கு வெளியே கலையாக மதிக்கப்படாத ஒப்பாரி பெரிய வெள்ளியன்று மட்டும் பீடத்துக்கு முன்னால் வந்துவிடும்.

விழாவுக்கு விடுமுறை வேண்டுமே. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நிறுவனங்களில் நான்கு தேசிய விடுமுறை, ஐந்து பண்டிகை விடுமுறை. அந்த ஐந்து எவை என்று முடிவாகும் இடத்தில் திருவழிபாட்டு ஆண்டுக்குக் குரல் இல்லை. பெரிய வியாழன் மாலைப் பூசைக்கு வரும் பெண் அன்று பகல் முழுக்கக் கொழுந்தெடுத்திருப்பாள். சபை நோன்பு வைக்கச் சொல்வது இரண்டே நாள், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் உள்ளவர்களுக்கு. அதாவது பேர் போட்டு வேலைக்குப் போகும் வயதுக்காரர்களுக்குத்தான். போனஸ் தீபாவளிக்கு முன்னால் வரும். கிறிஸ்மஸ் துணியை அந்தக் காசில்தான் வாங்கி வைக்க வேண்டும். டிசம்பருக்குள் அது கரைந்துவிட்டால் பிள்ளைக்குப் பழைய சட்டை. ஒரே ஒரு நாளில் மட்டும் இரண்டு காலண்டரும் உடன்படுகின்றன. மே 1. பன்னிரண்டாம் பயஸ் 1955-ல் அதைத் தொழிலாளரான சூசையப்பரின் நாளாக அறிவித்தார். செங்கொடிக்காரர்களிடமிருந்து தொழிலாளியை மீட்க எடுத்த முயற்சி என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், சம்பளத்தோடு விடுமுறை கிடைக்கிறதே.

அதே பச்சைக்காலத்தின் நடுவில் 1999 ஜூலை 23 வருகிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைக் காவல்துறை அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. இது நடந்தது வேறு மலையில், வேறு கம்பெனியில். ஆனால் கேட்டது நாங்களும் கேட்ட கூலி.

நிறங்கள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், போப்பாண்டவர் ஆவதற்கு முன்பு, மூன்றாம் இன்னொசென்ட் எழுதிய நூலில் ரோமையில் வழங்கிய நான்கு நிறங்களைச் சொல்கிறார்: வெள்ளை, சிவப்பு, கறுப்பு, பச்சை. ஊதா அங்கே கறுப்பின் மாற்று மட்டுமே. 1570-ல் ஐந்தாம் பயஸின் திருப்பலி நூல் இதை உலகம் முழுமைக்கும் ஒழுங்காக்கியது. கறுப்பு பெரிய வெள்ளிக்கும் இறந்தோர் பூசைக்கும் உரியதாக நின்றது. 1969-க்குப் பின் பெரிய வெள்ளி சிவப்பாயிற்று; அடக்கப் பூசையில் கறுப்பு இன்னும் அனுமதிக்கப்பட்ட நிறம்தான், எடுப்பார்தான் இல்லை. சாவின் நிறமாகக் கறுப்பை வைத்தது ஐரோப்பா. கறுப்பர்களுடைய இறையியல் எழுந்த பிறகு அமெரிக்காவில் அதைக் கேள்வி கேட்டார்கள். நாமும் கேட்டிருக்க வேண்டும்.

தமிழகத்தில் நிறத்தின் கதை சாதியின் கதை. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்திப் பிராமணச் சந்நியாசியாக வாழ்ந்தார். அந்தக் காவியோடு சேரிக்குள் போக முடியாது. ஆகவே 1640-ல் பல்தசார் தா கோஸ்தா தொடங்கி வேறொரு வகைச் சாமியார்கள் வந்தார்கள், பண்டாரசாமிகள். ஒரே சபை, ஒரே விசுவாசம். மேலே ஒரு உடுப்பு, கீழே ஒரு உடுப்பு. 1704-ல் புதுச்சேரியில் கர்தினால் தூர்னோன் பிறப்பித்த ஆணை, சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள்ளேயே போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்று சொல்லியது. இப்படி ஒரு வாசகத்தை ரோமையின் தூதர் எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதுவரை நடந்தது விளங்கும். வழக்கு நாற்பது ஆண்டு இழுத்தது. 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் தீர்த்துவைத்தார்: பறையருக்கென்று தனியாகச் சில குருக்கள் இருக்கலாம். சமரசம் என்ற சொல்லுக்கு நம் வரலாற்றில் என்ன பொருள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

225 ஆண்டு கழித்து, 1969 ஏப்ரலில், இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு பண்பாட்டு மாற்றங்களுக்கு ரோமை ஒப்புதல் தந்தது. தரையில் உட்காரலாம், ஆரத்தி எடுக்கலாம், பழைய பூசை உடுப்புக்குப் பதிலாக எளிய அங்கியும் அங்கவஸ்திரமும் அணியலாம். ஆசிரமங்களில் காவி திரும்பி வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் 'இந்தியம்' என்று தேடிப் போனவர்கள் கண்டது அங்கவஸ்திரத்தை. படங்கைக் காணவில்லை. மழையில் கொழுந்தெடுக்கும் பெண் இடுப்பில் கட்டும் படங்கு எந்தப் பண்பாட்டுக் குழுவின் கண்ணிலும் படவில்லை. ஆரத்தித் தட்டுக்கு இருந்த அனுமதி பறைக்கு இல்லை. தலித் கிறிஸ்தவ இயக்கங்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சண்டை போட்ட பிறகுதான் பறை பல கோயில்களின் வாசற்படி தாண்டியது.

தவக்காலத்துக்கு வருகிறேன். தெரிந்த ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 2008 மார்ச் 9, ஞாயிறு. அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23. ஆகவே அது தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்றைய நற்செய்தி லாசரை உயிர்ப்பித்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் எறையூரில், ஜெபமாலை மாதா பங்கில் தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். சவ ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம், தேர் எந்தத் தெருவுக்கு வரலாம் என்பதெல்லாம் அதற்குப் பின்னாலிருந்த பழைய கணக்கு. அன்று தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன, காவல்துறை சுட்டது, இரண்டு பேர் இறந்தார்கள். இறந்த இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பேசுகிறோம் என்று சொல்ல முடியாது. பீடத்தில் ஊதா, தெருவில் இரத்தம், வாசகத்தில் 'கட்டவிழ்த்து விடுங்கள்'. சாதிக் கட்டை யார் அவிழ்ப்பது?

பதினொரு நாள் கழித்து வந்த பெரிய வியாழனில் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும் சடங்கு. என் பார்வையில் ஆண்டு முழுவதிலும் சாதிக்கு மிக ஆபத்தான நிமிடம் அதுதான். அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் யார் உட்காருவது என்பது பல ஊர்களில் பங்குப் பேரவையில் தீர்க்கப்படும் சாதிக் கணக்கு. பெண்களையும் சேர்க்கலாம் என்று போப்பாண்டவர் பிரான்சிஸ் 2016 ஜனவரியில் விதியை மாற்றினார். நம் பங்குகளில் எத்தனை தலித் பெண்களின் கால்கள் அதன் பிறகு நனைந்தன என்று எண்ணிப் பார்ப்பது மாணவத் தோழர்கள் எடுக்கக்கூடிய ஆய்வு. செலவும் அதிகமில்லை, ஒரு மறைமாவட்டத்தில் ஒரு மாலை.

குருத்து ஞாயிறு பற்றி ஒன்று. ஓசன்னா பாடிப் பிடித்துப் போகும் ஓலையை அடுத்த ஆண்டு எரித்துத்தான் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள். பாமா 1992-ல் தன் நூலுக்குக் 'கருக்கு' என்று பெயர் வைத்தார், இருபுறமும் அறுக்கும் பனை மட்டையின் கருக்கு. கன்னியர் மடத்தில் சேர்ந்து வெளியே வந்தவர் எழுதிய நூல் அது. குருத்துக்கும் கருக்குக்கும் ஒரே மரம்.

எறையூருக்கு முன்னோடி வடக்கன்குளம். 1872-ல் அங்கே கட்டிய கோயிலுக்குக் கால்சட்டைக் கோயில் என்று பெயர். பீடம் ஒன்று, அதை நோக்கி இரண்டு கால்களாகக் கட்டிய கூடங்கள், ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். 1910-ல் கௌசானல் அடிகளார் நடுச்சுவரை இடித்தார். வேளாளர் நீதிமன்றம் போனார்கள்; சென்னை உயர் நீதிமன்றம் கோயிலுக்குள் சாதி உரிமை கொண்டாட முடியாது என்றது. அங்கே சண்டை வேளாளருக்கும் நாடாருக்கும் இடையில். பறையர், பள்ளருக்கு அந்தக் கால்சட்டையில் மூன்றாவது கால் இருந்ததாக யாரும் எழுதவில்லை.

இப்போது ஆகஸ்ட் 10. சபையின் காலண்டரில் அது புனித லாரன்ஸ் திருநாள், நிறம் சிவப்பு. 258-ல் ரோமையில் கொல்லப்பட்ட திருத்தொண்டர். சபையின் சொத்தைக் கொண்டுவா என்று அதிகாரி உத்தரவிட்டபோது, நகரத்தின் ஏழைகளைக் கூட்டி நிறுத்தி, இவர்கள்தான் சொத்து என்றார் என்பது மரபு. அதே ஆகஸ்ட் 10-ல்தான், 1950-ல், குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதியினர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. சென்னைத் தெருவில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985-ல் தள்ளுபடி செய்தார்கள். சான்றா வேண்டும்? இயேசு சபைச் சமூகவியலாளர் அந்தோணி ராஜ் ஊர் ஊராகப் போய்த் திரட்டி 1992-ல் வெளியிட்டார்: தனி இருக்கை, தனிக் கல்லறை, தனி வரிசை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

ஆகஸ்ட் 10 இப்போது கறுப்பு நாள். தலித் கிறிஸ்தவர்கள் கறுப்புக் கொடி பிடிக்கிறார்கள், ஆயர்களும் வந்து நிற்கிறார்கள். கறுப்பு பீடத்திலிருந்து கிட்டத்தட்ட மறைந்துவிட்ட காலத்தில் தெருவில் அதை எடுத்தவர்கள் நாம். ஆனால் அன்று காலைப் பூசையில் எத்தனை சாமியார்கள் லாரன்சையும் மூன்றாம் பத்தியையும் ஒரே மறையுரையில் சேர்க்கிறார்கள்? சேர்க்க எந்த விதியும் தடையில்லை. ஏழைகள்தான் சொத்து என்று சொன்னவரின் நாளில், ஏழைகளின் சான்றிதழ் பறிபோனதைச் சொல்வதற்குத் துணிச்சல்கூட வேண்டாம், காலண்டரைப் பார்த்தால் போதும்.

நம் நாள்களை இந்த ஆண்டின் மேல் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. அம்பேத்கர் மறைந்த டிசம்பர் 6 எப்போதும் திருவருகைக் காலத்துக்குள் வரும், காத்திருப்பின் ஊதாவில். அவர் பிறந்த ஏப்ரல் 14 நகர்ந்துகொண்டே இருக்கும். 2017-ல் பெரிய வெள்ளியிலும் 2022-ல் பெரிய வியாழனிலும் விழுந்தது. அந்த 2017-ல் மாலையில் சிலுவைப் பாதைக்குப் போவதா நீலக்கொடி ஊர்வலத்துக்குப் போவதா என்று பிள்ளைகள் தவித்தார்கள். டிசம்பர் 25 எல்லாவற்றிலும் கடினமானது. 1927-ல் அந்த நாளில் மகாடில் மனுஸ்மிருதி எரிந்தது. 1968-ல் அந்த நாள் இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குழந்தை பிறந்த நாளின் இரவு அது. மாசற்ற குழந்தைகள் திருநாள் என்று டிசம்பர் 28-ல் சபையிடம் ஒன்று இருக்கிறது, ஏரோது கொன்ற குழந்தைகளுக்காக, நிறம் சிவப்பு. வெண்மணிக்குப் பிறகு மூன்றாம் நாள்.

நீலத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ரோமை வழிபாட்டு நிறங்களில் நீலம் இல்லை. ஸ்பெயின் போன்ற சில இடங்களுக்கு மட்டும் டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாளில் சலுகை. மாதாவின் சேலையில் மட்டும் நீலம் இருக்கிறது.

சபைக்குள் எதுவும் மாறவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2003 நவம்பர் 17 அன்று தமிழ்நாட்டு ஆயர்களிடமே இரண்டாம் யோவான் பவுல் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. நவம்பர் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறு. 2022-ல் அந்தோணி பூலா கர்தினாலானார், தலித் ஒருவர் அந்தச் சிவப்பை அணிந்தது அதுவே முதல்முறை. அதே ஆண்டு மே 15-ல் தேவசகாயம் புனிதரானார். பெயரின் பின்னால் ஒட்டியிருந்த 'பிள்ளை' அதற்கு முன்பே எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது. நாயர் குலத்தில் பிறந்து, எல்லாச் சாதியாரோடும் உண்டு பழகி, 1752 ஜனவரி 14-ல் காற்றாடி மலையில் சுடப்பட்டவர். அவர் நாள் பொங்கலை ஒட்டி வருகிறது, சிவப்பில். சாதியை மீறியவருக்குக் காலண்டரில் இடம் கிடைத்துவிட்டது. சாதியால் கொல்லப்பட்டவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. தலித் விடுதலை ஞாயிறுகூடப் பச்சையில்தான் வருகிறது, பொதுக்காலத்தின் கடைசி வாரங்களில். பல பங்குகளில் அன்று ஒரு சுற்றறிக்கை வாசிக்கப்படும். சிலவற்றில் அதுவும் இராது.

ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் சொந்த நாள்களைத் தன் காலண்டரில் சேர்த்து ரோமையின் ஒப்புதல் பெறச் சட்டம் இடம் தருகிறது. உதகை மறைமாவட்டம் 1955-ல் மைசூரிலிருந்து பிரிந்தது, அதற்கும் அந்த உரிமை உண்டு. வெண்மணி மக்கள் கத்தோலிக்கரல்ல, அவர்களைப் புனிதராக்கச் சொல்லவில்லை. டிசம்பர் 25 மாலையில், மன்றாட்டில், 44 என்ற எண்ணைச் சொல்ல யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? விசுவாசிகள் மன்றாட்டை ஒவ்வொரு பங்கிலும் எழுதுவது யாரோ ஓர் இளைஞர்தான். அந்த இளைஞர்களில் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நவம்பர் 2 மீதி இருக்கிறது, கல்லறைத் திருநாள். ஊதா, அல்லது கறுப்பு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கத்தோலிக்கரைப் பிரிக்கும் மதிலை எதிர்த்து 2010-ல் போராட்டம் நடந்தது. இறந்தோர் எல்லோருக்கும் ஒரே பூசை, மதிலுக்கு இரண்டு பக்கமும் தனித்தனித் தீர்த்தத் தெளிப்பு. எஸ்டேட்டில் மதில் கட்டும் அளவுக்கு இடமே கொடுக்கவில்லை. தேயிலைக்கு ஆகாத சரிவில், ஓடைக்கரையில் குழி. நிலம் நிறுவனத்துடையது, அதற்குக் கீழே வனத்துறையுடையது. 2022-ல் டான்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. ஓய்வுபெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுகிறோம், போராடுகிறோம், மாற்று வீடு கேட்கிறோம். கல்லறைகளுக்கு மாற்று இடம் கேட்டு இதுவரை நான் ஒரு மனுவும் பார்க்கவில்லை. மண்டபம் முகாமில் இறங்கி இங்கே வந்து செத்த முதல் தலைமுறை அந்தச் சரிவில் கிடக்கிறது. கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் நவம்பர் 1 இரவு பஸ் ஏறி வருகிறார்கள். காலையில் சுண்ணாம்பு வாளியோடு இறங்கி, லாண்டனா புதரை வெட்டி, சிலுவையில் அழிந்த பெயரைப் பெயின்ட்டால் மறுபடி எழுதுகிறார்கள். எல்லைக் கல் நடும் வேலை அந்தச் சரிவை எட்டுவதற்குள் அந்தக் குழிகளை எண்ணி, பெயர்களை எழுதி, ஒரு வரைபடம் போட்டாக வேண்டும். அதற்கான நோட்டுப் புத்தகத்தை இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் வாசலில் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுக் குழி எந்தக் கோட்டத்தில், எந்த எண் தேயிலைக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள்.